காய்கறி, பழம் பார்த்து வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் நின்றபடியே போட்டோ எடுத்து அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் எனக்குச் சிலர் உண்டு. போட்டோவில் நிறம் மட்டும்தான் வருகிறது. எடையும் வாசனையும் வருவதில்லை. என்ன பதில் சொல்வது? ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன்.

எனக்கு ஒண்ணுமே பாக்கத் தெரியாது. எல்லாத்துக்கும் பொதுவா ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. எடை, காம்பு, வாசனை என்று இந்த வரிசையில் பாருங்கள். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறித்த பிறகும் காயும் பழமும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே அளவுள்ள இரண்டைக் கைக்கு ஒன்றாக ஏந்திப் பார்த்து, கனமானதை எடுத்தால் பெரும்பாலும் தப்பாது. எலுமிச்சை, ஆரஞ்சு, மாதுளை, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெரியதையும் சிறியதையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

அப்புறம் காம்பு. வெட்டுப்பட்ட இடம்தான் முதலில் காயும். காயைத் துடைத்து மினுக்கலாம், தண்ணீர் தெளித்து எழுப்பி நிறுத்தலாம். வாடிப்போன காம்பை யாராலும் பச்சையாக்க முடியாது. மிளகாய், கத்தரிக்காய், வெள்ளரி, திராட்சைக் கொத்து எதுவானாலும் என் கண் முதலில் போவது காம்புக்குத்தான்.

பழம் நல்லா செவப்பா, பளபளன்னு இருந்தா நல்ல பழம்தானே?

இல்லை. நிறம் பாதி நேரம் அந்த ரகத்தைத்தான் சொல்கிறது, பழுத்ததைச் சொல்வதில்லை. பழுத்த பின்னும் பச்சையாகவே இருக்கும் மாம்பழ ரகங்கள் உண்டு. பிஞ்சிலேயே சிவப்பு ஏறிவிடும் ரகங்களும் உண்டு. சிவப்பைப் பார்க்காமல் அதற்கு அடியில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். அது பச்சையிலிருந்து மஞ்சளுக்கோ வெளிர் மஞ்சளுக்கோ மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆரஞ்சில் இதுகூட உதவாது. இரவில் குளிர் விழாத இடங்களில் விளைந்த ஆரஞ்சு உள்ளே முழுக்கப் பழுத்திருந்தும் தோல் பச்சையாகவே இருக்கும். அங்கே எடைதான் கை கொடுக்கும்.

பளபளப்பு விஷயம் ஆப்பிளில் நிறையப் பேரைக் குழப்புகிறது. ஆப்பிளுக்கு இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. பறித்ததும் கழுவும்போது அது போய்விடுவதால், சாப்பிடத் தகுந்த மெழுகை மெல்லியதாகப் பூசுகிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அது புதுசு என்பதற்கான அடையாளமும் இல்லை. ஆப்பிள் ஒரு மரத்தில் வருடத்துக்கு ஒரு முறைதான் அறுவடையாகிறது. ஆக்சிஜனைக் குறைத்த குளிர் அறைகளில் பல மாதம் வைத்துத்தான் வருடம் முழுக்க விற்கிறார்கள். வழவழப்பை விட்டுவிட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கெட்டியாக இருந்தால் சரி. மந்தமாக, உள்ளே பொதபொதப்பாகத் தோன்றினால் மாவாகிவிட்ட பழம்.

காயா வாங்கிட்டு வந்து வீட்ல வெச்சா எப்படியும் பழுத்துடும்தானே?

காசு அதிகம் வீணாவது இந்த நம்பிக்கையால்தான். பறித்த பிறகு பழுப்பவை ஒரு கூட்டம், பழுக்கவே பழுக்காதவை இன்னொரு கூட்டம்.

வாழை, மா, சப்போட்டா, கொய்யா, சீத்தா, பேரிக்காய், வெண்ணெய்ப்பழம், தக்காளி இவையெல்லாம் முதல் கூட்டம். முற்றிய காயாகப் பறித்தால் போதும். எத்திலீன் என்ற வாயுவைத் தாமே உண்டாக்கிப் பழுத்துவிடும். வாழைக்காயில் மாவுச்சத்தாக இருப்பது பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுவது இப்படித்தான். முற்றாத பிஞ்சைப் பறித்திருந்தால் மட்டும் பழுக்காமல் சுருங்கி வாடும். பப்பாளியில் ஒரு கீற்றாவது மஞ்சள் தெரிந்தால் நம்பி வாங்கலாம். முழுப் பச்சை என்றால் அது சமையலுக்கு மட்டும்தான்.

திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி, தர்பூசணி, ஸ்ட்ராபெர்ரி, லிச்சி இவை இரண்டாம் கூட்டம். பறித்த அன்றைக்கு இருந்த இனிப்புதான், அதற்கு மேல் ஏறாது. புளிப்பு திராட்சையை ஒரு வாரம் வைத்தால் ஒரு வாரம் பழசான புளிப்பு திராட்சை கிடைக்கும், அவ்வளவுதான். அன்னாசியின் தோல் வீட்டில் மஞ்சளாவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சர்க்கரையாக மாற அதற்குள் மாவுச்சத்தே இல்லை. முலாம்பழம் இதில் இரண்டுங்கெட்டான்: வைத்தால் மிருதுவாகும், மணக்கும், ஆனால் இனிப்பு கூடாது.

பழுக்கறதுக்கு நாளாகுது. சீக்கிரம் பழுக்க வெக்க என்ன செய்யலாம்?

முதல் கூட்டமாக இருந்தால் காகிதப் பையில் போட்டு, கூடவே நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ வைத்து மூடுங்கள். அவை விடுகிற எத்திலீன் பைக்குள்ளேயே தங்கி வேலை செய்யும். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு பாடம் இருக்கிறது. பழுத்த ஆப்பிளையும் வாழையையும் கீரை, வெள்ளரி, ப்ரோக்கோலி பக்கத்தில் வைக்காதீர்கள். அதே வாயு அவற்றைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

கல்லு வெச்சுப் பழுக்க வெச்ச பழத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும், அது எத்திலீன் மாதிரியே வேலை செய்யும். அதில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் கழிவுகள்தான் ஆபத்து. எத்திலீன் வாயு விட்ட அறையில் பழுக்க வைப்பது இதிலிருந்து வேறு. பழமே உண்டாக்கும் அதே வாயுதான் அது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சந்தேகப்பட வைக்கும் அறிகுறிகள் சில உண்டு. கூடையில் உள்ள அத்தனை பழமும் ஒரே மாதிரி மஞ்சள், ஆனால் மணமே இல்லை. வெளியே பழம், வெட்டினால் உள்ளே வெளுத்துப் புளிப்பு. சீசன் தொடங்கும் முன்பே வந்து குவிந்திருப்பது. இப்படி இருந்தால் நான் வாங்காமல் நகர்ந்துவிடுவேன். தண்ணீரில் போட்டு மிதந்தால் கல் வைத்தது என்று ஒரு சோதனை சுற்றி வருகிறது. மாங்காய் மூழ்குவதும் மிதப்பதும் அது முற்றியதா இல்லையா என்பதைத்தான் ஓரளவு காட்டும், கல்லைக் காட்டாது.

மாம்பழத்தை எங்க அமுக்கிப் பாக்கணும்?

எங்கேயும் அமுக்காதீர்கள். நீங்கள் கட்டைவிரலால் அமுக்கிய இடம் மறுநாள் கறுத்து, அடுத்தவர் வீட்டில் அழுகும். உள்ளங்கையில் முழுசாக ஏந்தி லேசாகப் பிடித்தாலே இளக்கம் தெரிந்துவிடும்.

பார்க்க வேண்டியது தோள். முற்றிய மாங்காயில் காம்புக்கு இரண்டு பக்கமும் சதை மேலெழும்பி, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தோள் சரிந்து காம்பு துருத்திக்கொண்டு நின்றால் பிஞ்சில் பறித்தது. அப்புறம் காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். மணந்தால் இன்றோ நாளையோ சாப்பிடலாம். மணம் இல்லாமல் தோள் மட்டும் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று நாள் காத்திருக்கலாம். புளித்த கள் மாதிரி வாடை வந்தால் தாண்டிவிட்டது. முலாம்பழம், அன்னாசி, கொய்யாவுக்கும் மூக்குதான், ஆனால் அன்னாசியை அடிப்பக்கம் மோக்க வேண்டும்.

தர்பூசணியைத் தட்டித் தட்டிப் பாக்கறாங்களே, என்ன சத்தம் கேக்கணும்?

நானும் பல வருடம் தட்டியிருக்கிறேன், பக்கத்தில் யாராவது நின்றால் தலையைக்கூட ஆட்டியிருக்கிறேன். உண்மையில் அந்தச் சத்தம் பழகிய காதுக்குத்தான் பிடிபடும். 'டொம்' என்று ஆழமாக ஒலித்தால் நல்லது என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் இருக்கும்போது காதை ஏன் வருத்த வேண்டும்?

பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தரையில் படுத்திருந்த இடம் ஒரு திட்டாகத் தெரியும். அது வெள்ளையாகவோ வெளிர் பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. வெண்ணெய் நிற மஞ்சளாக இருந்தால் கொடியில் நன்றாகக் கிடந்து பழுத்தது. அதோடு தோல் கொஞ்சம் மங்கலாக, எடை கனமாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பளபளக்கும் தர்பூசணி பெரும்பாலும் காய். இது இரண்டாம் கூட்டம் என்பதால் வீட்டில் வைத்துச் சரிசெய்யவும் வழியில்லை.

தர்பூசணியில ஆண் பழம், பெண் பழம் உண்டாமே? குடைமிளகாய்லகூட அடியில மூணு மேடு, நாலு மேடுன்னு சொல்றாங்க?

கட்டுக்கதை. காயில் ஆண் பெண் கிடையாது. தர்பூசணிக் கொடியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனியாக உண்டு, காய் பிடிப்பது பெண் பூவில் மட்டும். குடைமிளகாயின் மேடுகள் ரகத்தையும் வளர்ச்சியையும் பொறுத்தவை. இனிப்பு வேண்டுமானால் பச்சையை விட்டுவிட்டுச் சிவப்பை வாங்குங்கள். அதே காய்தான் பல ரகங்களில் செடியில் முழுக்கப் பழுத்ததும் சிவப்பாகிறது.

வெண்டைக்காய் நுனியை உடைச்சுப் பாத்தா கடைக்காரர் திட்டுறார். வேற வழி சொல்லுங்க.

திட்டுவது நியாயம்தான். நீங்கள் உடைத்துப் போட்டதை யார் வாங்குவார்? நுனி ஒடிந்த காய் ஒரே நாளில் அந்த முனையில் கறுத்துவிடும்.

ஒரு காயை நடுவில் இரண்டு விரலால் மெல்லப் பிடியுங்கள். இளசு என்றால் லேசாக அமுங்கிக் கொடுக்கும், உள்ளே விதைகள் தட்டுப்படாது. முற்றியது குச்சி மாதிரி விறைப்பாக நிற்கும், மேல் வரம்புகள் விரலில் உறைக்கும். நுனியைத் தொட்டுப் பார்க்க ஆசை அடங்கவில்லையா? ஒடிக்காமல் லேசாக வளையுங்கள். ஒடியத் தயாராக இருப்பது போல் விறைத்தால் இளசு, நார் போல வளைந்துகொடுத்தால் முற்றல். வரம்புகளில் கறுப்புக் கோடு ஓடினால் பழசு. ஒரு கூறிலிருந்து ஒன்றைப் பார்த்தால் போதும். ஒரே நாளில் பறித்தவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

சுரைக்காய், பீர்க்கங்காய், முருங்கைக்காய்ல இளசா முத்தலான்னு எப்படித் தெரியும்?

இளம் சுரைக்காயின் தோலில் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். நகம் பட்டால் சுலபமாகப் பதியும். நகத்தை எல்லாக் காயிலும் பதிக்க வேண்டாம், ரோமத்தைப் பார்த்தாலே தெரியும். பீர்க்கங்காயை எடையால் பிடிக்கலாம். முற்ற முற்ற உள்ளே நாராகி லேசாகிவிடும். பெரியதாக இருந்தும் கை நிறையாத பீர்க்கை விட்டுவிடுங்கள். முருங்கையை லேசாக முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுக்க வேண்டும். விதை புடைத்து வரிவரியாகத் தெரிந்தால் முற்றல். பென்சில் மாதிரி இருப்பதும் வேண்டாம், அதில் வழிக்கச் சதை இருக்காது.

சுரைக்காயில் ஒரு எச்சரிக்கை. வெட்டியதும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். கசப்புக்குக் காரணமான குகுர்பிட்டாசின் என்ற பொருள் கடுமையான வாந்தி, ரத்தப்போக்கு வரை கொண்டுபோகும். வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது பெரிய தப்பு. வெள்ளரிக்காயும் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அதையும் சாப்பிட வேண்டாம்.

கத்தரிக்காய் வெளியில அழகா இருக்கு, வெட்டினா ஒரே விதை, இல்லன்னா புழு. நான் எங்க தப்பு பண்றேன்?

விதைக்கு: தோலைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். மினுமினுப்பு மங்கிப் பழுப்போ மஞ்சளோ கலந்தால் விதை முற்றிவிட்டது. விரலால் மெல்ல அழுத்தினால் குழி விழுந்து உடனே எழும்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் வாடல், அமுங்கவே மறுத்தால் பிஞ்சு. முதலில் சொன்ன எடைக் கணக்கு இங்கே எடுபடாது. லேசானது நல்லது என்பார் ஒருவர், கனமானது நல்லது என்பார் இன்னொருவர். நான் பார்ப்பது தோலை மட்டும்தான்.

புழு விஷயத்தில் உங்கள் மேல் தப்பில்லை. தண்டு, காய் துளைப்பான் புழு மிகச் சின்னதாக இருக்கும்போதே உள்ளே போய்விடும், போன வழியும் மூடிக்கொள்ளும். நாம் பார்க்கிற பெரிய ஓட்டை அது வளர்ந்து வெளியேறிய வழி. ஆகவே ஓட்டை உள்ளதை ஒதுக்குவது சரி, ஓட்டை இல்லாததில் புழு இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. காம்புக் குல்லாவைச் சுற்றிக் கறுப்பாக, பொடிப்பொடியாக ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

கீரை தண்ணி சொட்டச் சொட்ட இருக்கு. ஃப்ரெஷ்ஷா, இல்ல ஏமாத்தா?

தெளித்த தண்ணீர் வாடலை மறைக்கும், வாடையை மறைக்காது. கட்டின் நடுப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள், மோந்து பாருங்கள். அழுகல் நடுவில்தான் தொடங்கும். தண்டின் வெட்டு முனை பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் நாளாகிவிட்டது. மற்றபடி காம்பைப் பற்றி மேலே சொன்னதேதான்.

ஓட்டை விழுந்த கீரை என்றால் மருந்து அடிக்காதது என்றும் கேட்கிறார்கள். பூச்சி தின்ற பிறகு மருந்து அடித்திருக்கலாமே!

திராட்சை மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. அது பூச்சிமருந்துதானே?

பெரும்பாலும் இல்லை. அது திராட்சை தானே சுரக்கும் மெழுகு, ஈரம் போகாமல் காக்கிறது. விரலால் தேய்த்தால் போய்விடும். அதிகம் கை படாத புதுக் கொத்தில்தான் அது அப்படியே இருக்கும், அதனால் நல்ல அடையாளம் என்றே சொல்வேன். மருந்துத் தடம் என்றால் ஒரே சீராக இல்லாமல், சொட்டு காய்ந்த கறை போலத் திட்டுத்திட்டாக இருக்கும். எதுவானாலும் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

உருளைக்கிழங்கு பச்சையா இருக்கு, கொஞ்சம் முளையும் விட்டிருக்கு. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் உருளையில் பச்சையம் உண்டாகும். பச்சையம் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தால் சோலனின் என்ற நச்சும் கூடும். அது வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. ஏற்கெனவே வீட்டில் இருப்பதில் சின்னத் திட்டு என்றால் ஆழமாகச் சீவி எடுத்துவிடலாம், முளையையும் குழி தோண்டி எடுத்துவிடலாம். நிறையப் பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ குப்பைக்குத்தான். வெங்காயமும் பூண்டும் முளைத்தால் இந்தப் பயம் இல்லை, சுவைதான் குறையும்.

வாழைப்பழத்தை ஃபிரிட்ஜ்ல வெச்சேன், தோல் கறுத்துடுச்சு. கெட்டுப்போச்சா?

தோல் மட்டும்தான். ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வாழைக்குக் குளிர்க் காயம் ஏற்படும். பழுத்த பிறகு வைத்தால் உள்ளே சதை நன்றாகவே இருக்கும். காயாக வைத்தால்தான் சிக்கல், பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. வெளியே இருக்கும்போது தோலில் வரும் பழுப்புப் புள்ளிகள் வேறு விஷயம், அவை இனிப்பு ஏறியதற்கு அடையாளம்.

தக்காளியும் இப்படித்தான். குளிரில் அதன் மணம் போய்விடும். பழுக்கும் வரை வெளியே வையுங்கள்.

ஒரு ஓரம் மட்டும் பூஞ்சை. வெட்டிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

கேரட், முட்டைக்கோஸ் மாதிரி கெட்டியானதில் பூஞ்சையைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூஞ்சையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி, ஸ்ட்ராபெர்ரி மாதிரி மிருதுவானதில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும், முழுசாகப் போட்டுவிட வேண்டியதுதான்.

நீங்க சொன்னதெல்லாம் பாத்துதான் வாங்கினேன். பழம் சப்புன்னு இருக்கே?

இந்தக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் நெளிவேன். பழுத்திருப்பது வேறு, இனிப்பாக இருப்பது வேறு. கொடியிலும் மரத்திலும் இருக்கும்போது கிடைத்த வெயில், இலைகளின் நலம், பறிப்பதற்கு முன் பெய்த மழை, ரகம் இவையெல்லாம் சேர்ந்து முடிவு செய்துவிட்ட விஷயம் அது. பறிப்பதற்குச் சற்று முன் நிறையத் தண்ணீர் பாய்ந்தால் பழம் பெருக்கும், சுவை நீர்த்துவிடும். கடையில் நாம் கண்டுபிடிக்கக்கூடியது அது முழுக்கப் பழுத்ததா, புதுசா என்பதைத்தான்.

அதற்கு மேல் வேண்டுமானால் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. திராட்சை என்றால் கொத்தின் அடி நுனியில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுவையுங்கள். மேலே உள்ளவைதான் முதலில் பழுக்கும், அடியில் உள்ளது இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும். முழுத் தர்பூசணியில் இதற்கு வழியில்லை. போன வாரம்கூட அடித்திட்டு மஞ்சள், எடை கனம், தோல் மங்கல் என்று எல்லாம் பார்த்து ஒன்றைச் சுமந்து வந்தேன். வெட்டினால் நல்ல சிவப்பு, வாயில் போட்டால் வெள்ளரிக்காய். உப்பும் மிளகுத்தூளும் தூவித் தின்று தீர்த்தோம்.